இடுக்கணிலும் தளராத மகாவித்துவான்

திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் பாடிய புராணங்களையும் பிரபந்தங்களையும் எண்ணி வியப்பார் பலர். எந்நிலையிலிருந்து அவற்றைப் பாடினார்கள் என நினைவார் சிலரே. அதனையே யாம் ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

பிள்ளையவர்கள் 6-4-1815-இல் தோன்றினார்கள். தமிழாசிரியராயிருந்த தந்தையார் சிதம்பரம் பிள்ளை, மகனாரின் பதினைந்தாம் வயதிற் சிவபதமடைந்தார். குடும்பச் சுமை இளந்தோளில் வீழ்ந்தது. விலை கொடுத்து ஏடு வாங்க வகையில்லை. பிறர்பால் இரவல் பெற்றுத் தம் கையாலேயே பெயர்த்தெழுதிப் படித்தார்கள். திரிசிராப்பள்ளித் தெருக்களில் இரந்துண்ட பரதேசியார் ஒருவர் தண்டியலங்காரத்தில் வல்லரென அறிந்து, அவர் பிச்சைக்குச் செல்லும் வீதிதோறும் உடன் நடந்து அந்நூலைப் பாடங்கேட்டார்கள். பிற்காலத்துச் சபைகளிற் பெற்ற சிறப்பெல்லாவற்றினும் இவ்வீதி நடையே எமக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது.

ஆதீனத்தின் சார்பு கிடைத்த பின்னரும் பொருட்டுன்பம் ஒழிந்ததில்லை. மாணாக்கரைத் தம் இல்லத்திலேயே வைத்து உண்பித்துக் கற்பித்த வள்ளன்மையும் அதற்கொரு காரணமாகும். வறுமை புலமைக்கு அணியென்பாருமுளர். யாம் அங்ஙனம் கருதோம். கடன்பட்ட நெஞ்சம் வருந்தவே செய்யும், பிள்ளையவர்களும் வருந்தினார்கள். ஆயினும், பாடஞ் சொல்லுதலும் செய்யுளியற்றுதலும் ஒருநாளும் சலித்தில.

1871-இல் மாயூரத்தில் மாணாக்கராய்ச் சேர்ந்த சாமிநாதையரவர்கள் தம் சரித்திரத்தில் ஒரு செய்தி எழுதியுள்ளார்கள். பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரங்கள் வைத்திருந்தார்கள். நாடோறும் காலையில் அவற்றினருகே சென்று, புதுத்தளிர் விட்டிருக்கின்றதாவெனக் கிளைகிளையாய் நோக்குவார்கள்; ஒரு தளிர் காணினும் முகம் மலரும். இதனையறிந்த இளமாணாக்கர், முன்னரே சென்று தளிர்களைத் தேடிவைத்துக் காட்டி ஆசிரியரன்பைப் பெற்றார்.

பிராரத்தம் நுகர்ந்தே கழியுமென்பது நம் சித்தாந்தத் துணிபு. நுகருங்காலத்து நெஞ்சம் எதனைப் பற்றி நிற்பது என்பதே வினா. பிள்ளையவர்கள் பற்றி நின்றவை தமிழும், மாணாக்கரும், இறைவன் திருவடியுமேயாம்.

கடன் முற்றும் தீராத நிலையிலேயே 1-2-1876-இல் திருவாவடுதுறையில் அவர்களுக்கு இறுதி வந்தது. கிறிஸ்தவ மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை தம் மார்பிற் சார்த்தித் தாங்கியிருந்தார். சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படித்தார். அதனைக் கேட்டவாறே பிள்ளையவர்கள் உடல் நீத்தார்கள்.