ஓரியூர் செம்மண்ணில் உயிர் நீத்த அருளானந்தர்

பிப்ரவரி 4-ந் தேதி புனித அருளானந்தர் திருநாள். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் அருளானந்தம் என்று பிள்ளைக்குப் பெயரிடுவது நெடுநாளைய வழக்கம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் தமிழர் அல்லர். போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்தவர்.

அரண்மனைச் சிறுவன்

ஜான் டி பிரிட்டோ என்பது இவரது இயற்பெயர். 1647-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி லிஸ்பன் நகரில் பிறந்தார். தந்தை பிரேசிலில் கவர்னராக இருந்து அங்கேயே இறந்தார். சிறுவன், இளவரசர் பெத்ருவின் தோழனாக அரண்மனையில் வளர்ந்தான்.

ஒரு சமயம் கடும் நோய் கண்டது. பிழைத்தால் ஓராண்டு யேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாகத் தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்து கொண்டார். பிள்ளை பிழைத்தான். நேர்த்திக்கடனுக்காக அணிந்த அங்கியே பிறகு அவனுக்கு வாழ்க்கையாகி விட்டது. 15 வயதில் யேசு சபையில் சேர்ந்தார்.

இந்தியாவுக்குப் போகிறேன் என்றதும் தாய் துடித்தார். தடுத்து நிறுத்த எவ்வளவோ முயன்றார். பலிக்கவில்லை. 1673-ல் கப்பல் ஏறினார்.

காவி உடை

மதுரை மிஷனில் சேர்ந்த அவர் தமிழ் கற்றார். காவி உடுத்தினார். இறைச்சியைத் துறந்தார். பண்டாரசாமிகளைப் போல ஊர் ஊராக நடந்தார். அருளானந்த சாமி என்ற பெயரும் நிலைத்தது.

1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். ராமநாதபுரம் சேதுபதி மன்னர், இனி இங்கே போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விடுதலை செய்தார்.

அடுத்து, மிஷன் வேலையாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். பழைய தோழர் பெத்ரு அப்போது அரசர். லிஸ்பனிலேயே தங்கிவிடும்படி வற்புறுத்தினார். அரண்மனையில் சுகமாக இருந்திருக்கலாம். அருளானந்தரோ அங்கும் தமிழ்நாட்டுத் துறவியின் எளிய உணவையே உண்டு நாளைக் கழித்தார். 1690-ல் திரும்பி வந்து விட்டார்.

தடியத்தேவர்

மறவர் நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் நோயிலிருந்து குணமாகி, ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டுமே வாழ வேண்டும் என்பது நிபந்தனை. அவர் ஒப்புக்கொண்டார். மற்றவர்களைச் சகோதரிகளாக வைத்துக் காப்பதாகச் சொன்னார். 1693 ஜனவரி 6-ந் தேதி ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்ட மனைவியரில் இளையவள் சேதுபதியின் உறவுக்காரப் பெண். மனைவி என்ற உரிமையை இழந்த அவள், மன்னரிடம் சென்று முறையிட்டாள். இரண்டே நாளில் அருளானந்தர் கைது செய்யப்பட்டார். ராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். 1693 பிப்ரவரி 4-ந் தேதி, சாம்பல் புதன் அன்று, பாம்பாற்றின் கரையில் அவரது தலை துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 45 வயது.

கைப்பிடி மண்

ரத்தம் சிந்தியதால்தான் ஓரியூர் மண் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அந்த மண்ணை நெற்றியில் இட்டுக் கொள்கிறார்கள். நோயாளிகளுக்குப் பூச வீட்டுக்கும் எடுத்துச் செல்கிறார்கள். முடி இறக்குவதும், ஆடு நேர்ந்து விடுவதும் உண்டு. இந்துக்களும் திரளாக வருகிறார்கள். 1947 ஜூன் 22-ந் தேதி போப்பாண்டவர் 12-ம் பத்திநாதர் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகும் ஊரை விட்டுப் போகாமல், விடியற்காலை ரெயிலைப் பிடித்துப் பெங்களூரில் வேலை பார்த்து இரவு வீடு திரும்பும் தமிழர்கள் ஏராளம். அவர்களுடைய முன்னோர் பிழைப்பைத் தேடி வந்தவர்கள். அருளானந்தரோ நல்ல பிழைப்பை விட்டு வந்தவர். ஆனாலும் வந்த இடத்தையே சொந்த ஊராக்கிக் கொண்டவரின் கதை தங்கவயல்காரர்களுக்குப் புதிதல்ல.