பாதை சமைத்த இளவரசர்

மத்தியதரைக் கடலின் மயோர்க்காத் தீவிலே, வடமேற்குக் கரையை அணைத்தாற்போற் கிடக்கும் திரமுந்தானா மலைத்தொடரில், எந்த ஊரையும் எந்த ஊரோடும் இணைக்காத பாதையொன்று உண்டு. வணிகர் பொதி ஏற்றிச் செல்ல அமைத்ததன்று அது. படை நடத்தவோ, விறகு இறக்கவோ, யாத்திரை போகவோ அமைத்ததுமன்று. 900 மீற்றரையும் கடந்த உயரத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் தீவின் சமவெளியும் தெரிய, முகட்டின் விளிம்பை ஒட்டியே அது ஓடுகின்றது. நடந்து பார்ப்பதற்காகவே ஒருவர் அதனை 1880களில் அமைப்பித்தார். தீவு மக்கள் இன்றும் அவருடைய பெயரைச் சொல்வதரிது. ஆர்ச்டியூக் என்று பட்டத்தை மாத்திரம் சொல்வார்கள். ஹப்ஸ்பேர்க் வமிசத்தில் அப்பட்டந் தாங்கினோர் எத்தனையோ பேர். மயோர்க்காவில் அச்சொல் லூட்விக் சால்வடோர் ஒருவரையே சுட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதக் காலையில் அப்பாதையில் நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வால்டெமோசா ஊரைக் கீழே விட்டு, ஆண்டு முழுவதும் இலையுதிராத ஓக் மரக் காட்டினூடே ஏறினேன். மூச்சு வாங்கி ஓரிடத்தில் நின்றபோது காலடியிலிருந்த கட்டு வேலையைக் கவனித்தேன். ஒரு சிறங்கைச் சாந்துமின்றிக் கல்லோடு கல்லைப் பொருத்தி, மழைநீர் வழிந்தோட இடம் விட்டு, மலைச்சரிவின்மேல் தாங்குசுவர் எழுப்பியிருந்தார்கள். அத்தீவில் இவ்வகைக் கற்கட்டு ஒரு தனித்தொழில். ஒலிவத் தோட்டங்களின் படிக்கட்டு நிலங்களெல்லாம் அவ்வேலைக்காரரின் கைவண்ணமே. பயன் கருதி அமைந்த தோட்டச் சுவர் எனக்கு விளங்கிற்று. விளைவதற்கு எதுவுமில்லாத இவ்வுச்சிக்குக் கற்களைக் கொண்டுவந்து அடுக்குவித்த மனிதரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஊர் திரும்பியபின் அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், பித்தி மாளிகையில், 1847 ஆம் ஆண்டு ஆவணி 4 ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் இரண்டாம் லியோபோல்ட், தஸ்கனி நாட்டின் பெருங்கோமகன். 1859 சித்திரை மாதத்தில் நகரத்தார் கிளர்ந்தெழ, அக்குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறியது. அப்பொழுது சிறுவனுக்கு வயது பதினொன்று. பிறந்த மாளிகையும் பேசிப் பழகிய மொழியும் பின்னே போய்விட்டன. குடும்பம் பொஹீமியாவிற் குடியேறியது. பிராக் நகருக்கு அண்மையிலுள்ள பிராண்டைஸ் கோட்டை அவருக்கு உரியதாயிற்று. அரச குலத்துப் பிள்ளைகளுக்கு விதித்த படைத்துறையில் அவருக்கு நாட்டமில்லை. செடிகொடிகளையும் பூச்சிகளையும் மொழிகளையும் கற்றார். பத்துக்கு மேற்பட்ட மொழிகளைக் கையாளத்தக்கவரானார்.

1867 இல், இருபதாவது வயதில், நொய்டோர்ப் பிரபு என்ற மாற்றுப் பெயரோடு மயோர்க்காவில் வந்திறங்கினார். வந்தவர் காட்சியில் மயங்கிக் கவிதை எழுதிக்கொண்டிருக்கவில்லை என்பதே எனக்கு அவர்மேல் மதிப்பை உண்டாக்கிய முதற் செய்தி. நூற்றுக்கணக்கான கேள்விகளை அச்சிட்டு, ஊர்தோறும் உள்ள பாதிரிமார், வைத்தியர், ஆசிரியர், நிலக்காரர் கைகளிற் கொடுத்துப் பதில் கேட்டார். என்ன விளைகிறது, எப்படி விதைக்கிறீர்கள், எந்த மீனை எந்த வலையாற் பிடிக்கிறீர்கள், கலியாண வீட்டில் என்ன செய்வீர்கள் என்ற வகைக் கேள்விகள். தாமே ஊரூராய்ச் சென்று சரிபார்த்தார். படங்களைத் தாமே வரைந்தார். இவ்வுழைப்பின் விளைவாகப் பலேயாரித் தீவுகளைப்பற்றிய பெருநூல் 1869 முதல் 1891 வரை ஏழு தொகுதிகளாக லைப்சிக் நகரில் வெளிவந்தது. 1878 இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதற்குப் பொற்பதக்கம் கிடைத்தது. தமது நூல்களிற் பலவற்றில் ஆசிரியர் பெயரை அவர் இடுவதில்லை; விற்பதிலும் நண்பர்களுக்கு வழங்குவதையே விரும்பினார்.

1872 இல் வால்டெமோசாவுக்கு அண்மையிலுள்ள மிராமாரை வாங்கினார். அது பழம் பெருமையுள்ள இடம். கிறிஸ்தவத் துறவிகள் அரபு மொழி கற்கவேண்டும் என்று 1276 இல் ரமோன் லுல் என்ற பேரறிஞர் அங்கே மடம் ஒன்றை நிறுவியிருந்தார். இளவரசர் வாங்கியபோது அது சிதைந்து கிடந்தது. அதன்பின் சொன் மரோச், எஸ்தாக்கா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காணிகளை வாங்கி, வால்டெமோசாவுக்கும் தேயாவுக்கும் இடைப்பட்ட கரையோரத்திற் பெரும்பகுதிக்குச் சொந்தக்காரரானார். சொன் மரோச்சுக்குக் கீழே ஃபொரடாடா என்ற பாறை கடலுக்குள் நீண்டு நிற்கும். அதன் நடுவே பெருந்துளை ஒன்று உண்டு. காணிக்குக் கொடுத்த விலை அதிகமென்று யாரோ குறைகூற, அந்தத் துளைக்கு மாத்திரமே அவ்விலை தகும் என்று இவர் மறுமொழி சொன்னதாக ஊரிற் கதையுண்டு.

வாங்கிய காணிகளில் மரம் வெட்டக்கூடாது என்பது கண்டிப்பான கட்டளை. அயற்காணிக்காரர் இதனை நன்றாக அறிந்துகொண்டார்கள். கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு இவர் கண்ணிற்படும்படி ஒரு முது ஒலிவத்தின் கீழ் நின்றாற் போதும், மரத்துக்கு நல்ல விலை கிடைத்துவிடுமாம்! நான் இறங்கிவந்த கைராட்ஸ் பள்ளத்தாக்கில், பாசி படர்ந்த வட்டமான கல்மேடைகள் பலவற்றைக் கண்டேன். கரி சுடுவோர் விறகை அடுக்கி மூட்டம் போட்ட இடங்கள் அவை. குடும்பத்தோடு காட்டில் தங்கிக் கரி சுட்டுப் பிழைத்த ஏழைகளின் அடுப்படி அது. மரத்தைக் காப்பது அரச பணம் உள்ளவருக்கு எளிது. அந்த வட்ட மேடைக்கருகே குடிசை போட்டிருந்தவனுக்குக் காடு வேறு பொருள்பட்டிருக்கும். இதையும் நினையாமல் அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அவர் காணியை மதில் கட்டி அடைத்து வைக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். மிராமாருக்கு அருகே வழிப்போக்கர் தங்க ஒரு வீட்டை ஒதுக்கினார். யார் வந்தாலும் மூன்று நாட்கள் காசின்றித் தங்கலாம். கட்டிலும் விறகும் உப்பும் எண்ணெயும் ஒலிவக் காயும் வீட்டாரே கொடுப்பர். கடலை நோக்கிய பாறை முனைகளிலெல்லாம் கற்சுவர் காப்பிட்ட காட்சிமேடைகளை அமைத்தார். அவற்றை இணைக்கும் நடைபாதைகள் காட்டினூடே கிளைவிட்டன. முகட்டுப் பாதை அவற்றுக்கெல்லாம் முடிபோன்றது. சொன் கல்லார்ட் கணவாயிலே ஒரு கல்லிருக்கை உண்டு; ஏறிக் களைத்தவன் எங்கே உட்காருவான் என்பதை அறிந்தவரே அதனை அங்கே வைக்கச் சொல்லியிருக்க முடியும். அங்கிருந்து ஒரு கிளை வேயா உச்சியில் அவர் கட்டுவித்த சிறு தங்குமனைக்குப் போகின்றது. மற்றது கரகொலி முகட்டுக்கு ஏறுகின்றது. அங்கிருந்து பார்த்தால், நெடுந்தூரம் கீழே, ஃபொரடாடாவின் துளை ஊசிக்காதளவாய்த் தெரியும்.

உடையிலே அவர் அக்கறை கொண்டவரல்லர். அழுக்கேறிய பழஞ்சட்டையோடு திரிவார். சேற்றிற் புதைந்த வண்டியைத் தள்ளிவிட்டதற்காக ஒரு வண்டிக்காரன் நாணயமொன்றைக் கையில் வைத்துப் போனானாம். தாம் உழைத்துச் சம்பாதித்த முதற் காசு அது என்று இளவரசர் பலரிடமும் சொல்லி மகிழ்ந்தாராம்.

துயரங்களும் அங்கேதான் வந்தன. அவருடைய இளஞ் செயலாளர் விபோர்னி 1877 இல் கடும் வெயிலின் தாக்கத்தால் மயோர்க்காவில் இறந்தார். மிராமாரில் அவருக்கு எழுப்பிய பளிங்குச் சின்னம் இன்னும் நிற்கிறது. வால்டெமோசாத் தச்சன் ஒருவரின் மகள் கத்தலினா ஓமார், எஸ்தாக்காத் திராட்சைத் தோட்டத்தை மேற்பார்வை செய்யும் பொறுப்பேற்று, படித்து, பிற மொழிகள் பயின்று, கடல் கடந்து யெருசலேம் வரை சென்று வந்தாள். ஊர் அவளைப்பற்றிப் பலவும் பேசிற்று, இன்றும் பேசுகின்றது. 1905 இல் அவள் நோயுற்று இறந்தாள். அவ்வாண்டே இளவரசர் அவளுடைய பெயரையே தலைப்பாகக்கொண்டு ஒரு நூல் வெளியிட்டார். பேரரசர்களின் உறவினர் ஒருவர் தச்சன் மகளுக்கு எழுதிய அச்சிறு நூலை, ஏழு தொகுதிகளுக்கும் பக்கத்தில் வைத்து எண்ணத்தக்கது என்று நான் கருதுகிறேன்.

தரையைவிடக் கடலே அவருக்கு உண்மையான வீடு என்றும் சொல்லலாம். நிக்ஸே என்ற நீராவி உல்லாசக் கப்பலில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்தார். 1893 இல் அது அல்ஜீரியக் கரையில் மோதி உடைந்தபின் இன்னொன்றை வாங்கினார். லிப்பாரித் தீவுகள், உஸ்திக்கா, சாந்தே என்று பெரிதும் யாரும் கவனியாத சிறு தீவுகளைப்பற்றி வரிசையாக நூல்கள் எழுதினார். மயோர்க்காக் கிழவிகள் சொன்ன கதைகளைத் தொகுத்து 1895 இல் வெளியிட்டார். ஜூல் வேர்ண் 1896 இல் எழுதிய நாவலொன்றில் இவரையும் இவருடைய பெருநூலையும் குறிப்பிட்டுள்ளார்.

1914 இல் உலகப் போர் மூண்டது. நாடிழந்த சிறுவனாய் முன்னர் வந்து சேர்ந்த அதே பொஹீமியாவுக்கு, வீங்கிய கால்களோடு, நோயாளியாய்த் திரும்பினார். 1915 ஐப்பசி 12 ஆந் திகதி பிராண்டைஸ் கோட்டையிற் காலமானார். உடலை வியன்னாவில், கப்புச்சின் கோவிலின் நிலவறையில், பேரரசர்களுக்கு நடுவே வைத்தார்கள். மயோர்க்காச் சொத்துக்களை வமிசத்தாருக்கு விடாமல், தீவைச் சேர்ந்த தமது செயலாளர் அந்தோனி விவெசுக்கே எழுதிவைத்திருந்தார்.

2011 இல் யுனெஸ்கோ நிறுவனம் திரமுந்தானாவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. சொன் மரோச் இன்று அருங்காட்சியகம். அதன் தோட்டத்துப் பளிங்கு மண்டபத்தில் மாலைதோறும் கூட்டம் நிற்கும். முகட்டுப் பாதை செல்லும் காணிகளில் ஒருபகுதிக்குள் நுழைய முன்கூட்டி அனுமதி பெறவேண்டும். நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பும் இட்டிருக்கிறார்கள். கருங்கழுகு கூடு வைக்கும் மலை அது. நடப்போர் தொகை பெருகினால் சரிவு தாங்காது என்பது அவர்களுடைய நியாயம்.

நான் போன அன்று வாயிற்படலையில் நின்ற காவலர் என் பெயரை ஏட்டிற் பார்த்து அடையாளமிட்டு, கல்லைப் புரட்டாமல் நடக்கும்படி சொல்லிப் படலையைத் திறந்துவிட்டார். பிற்பகலில் இறங்கிவரும்போது மழை தூறியது. பாதையோரத்தில் ஒரு தாங்குசுவர் சரிந்திருந்தது. இரண்டு இளைஞர் குந்தியிருந்து, விழுந்த கற்களைத் தரம் பிரித்து, சிறு சம்மட்டியால் முனை தட்டி, ஒவ்வொன்றாக மீண்டும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.