முசோலினியின் விமானங்களுக்குக் கூரை அமைத்தவர்

இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கட்டுமானப் பொறியியலாளர்களுள் ஒருவராகக் கருதப்படும் பியர் லூயிஜி நெர்வி, 1891ஆம் ஆண்டு வட இத்தாலியின் சோந்திரியோ நகரில் பிறந்து, 1913இல் பொலோனியாவில் பொறியியல் பட்டம் பெற்றார். 1932இல் கட்டி முடிக்கப்பட்ட புளோரன்ஸ் விளையாட்டரங்கு அவருக்குப் புகழ் தேடித் தந்தது. ஆனால் அவரது திறமையைக் கடுமையாகச் சோதித்தது, 1935இல் இத்தாலிய விமானப்படைக்காக அவர் ஏற்ற பணியே.

விமானக் கூடத்தின் சிக்கல் எளிதில் விளங்கக்கூடியதுதான். நீண்ட இறக்கைகளுடன் விமானங்கள் உள்ளே வர வேண்டும் என்பதால் நடுவில் தூண்கள் கூடாது. வாயில் அமையும் நீண்ட பக்கத்திலும் தூண்களைத் தாராளமாக நிறுத்த இயலாது. ஓர்வியேட்டோவில் நெர்வி எழுப்பிய கூரையில், கான்கிரீட் விலாக்கள் பாய்ப் பின்னல்போல் குறுக்கும் நெடுக்கும் வெட்டிச் சென்று, பாரத்தைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன. அந்நாளைய கணக்கீட்டு முறைகள் இத்தகைய அமைப்புக்குப் போதாமையால், மிலானில் சிறு மாதிரியொன்று செய்து சோதிக்கப்பட்டது.

எத்தியோப்பியா மீதான படையெடுப்பை அடுத்து 1935இல் சர்வதேசத் தடைகள் விதிக்கப்பட்டன. முசோலினி அரசு தன்னிறைவுக் கொள்கையைத் தீவிரப்படுத்த, உருக்கைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டிய நெருக்கடி கட்டுமானத் துறைக்கு ஏற்பட்டது. 1939க்கும் 1942க்கும் இடையில் ஓர்வியேட்டோ, ஓர்பெத்தெல்லோ, தோரே தெல் லாகோ ஆகிய இடங்களில் எழுந்த ஆறு கூடங்களில், விலாக்கள் தரையிலேயே சிறு துண்டுகளாக வார்க்கப்பட்டு, மேலே ஏற்றி இணைக்கப்பட்டன. சுமார் 100 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட கூரையை ஆறே தாங்கிகள் சுமந்தன. ஓர் ஆக்கிரமிப்பு அரசின் போர்த் தேவையிலிருந்தே இந்த நுட்பம் பிறந்தது என்பதை அவரைப் புகழ்வோர் விரைந்து கடந்து விடுவதுண்டு.

1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் இக்கூடங்களை வெடிவைத்துத் தகர்த்தனர். தாங்கிகள் சிதைந்து கூரைகள் தரையில் வீழ்ந்தபோதும், துண்டுகளை இணைத்த மூட்டுகளுள் மிகச் சிலவே பிரிந்திருந்ததை நெர்வி கண்டறிந்தார். சொந்தப் படைப்பின் அழிவு, அவர் நடத்தியிருக்கவே முடியாத ஒரு சோதனையாக அமைந்தது.

போருக்குப் பின்னர் அதே முறையை டூரின் கண்காட்சி மண்டபத்திலும், 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் போட்டிகளுக்கான சிறிய விளையாட்டு மாளிகையிலும் அவர் கையாண்டார். சுமார் 60 மீட்டர் விட்டமுள்ள அம்மாளிகையின் குவிமாடமும் முன்கூட்டி வார்க்கப்பட்ட துண்டுகளால் ஆனதே. 1971இல் வத்திக்கானின் பேரவை மண்டபத்தை முடித்த அவர், 1979 ஜனவரியில் தமது 87ஆவது வயதில் ரோமில் காலமானார்.

1944இல் தகர்க்கப்பட்ட அக்கூடங்களில் ஒன்றுகூட இன்று முழுமையாக இல்லை. புகைப்படங்களும் வரைபடங்களும் எஞ்சியுள்ளன.