ஆன்றி புவான்கரே

பிரான்சு தேசத்து நான்சி நகரில், மருத்துவப் பேராசிரியர் ஒருவர்க்கு மைந்தராய் 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் தோன்றியவர் ஆன்றி புவான்கரே. இளமையில் தொண்டையடைப்பான் நோயால் நெடுநாள் வருந்தினார், பார்வையும் கூரியதன்று. 1881 முதல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1889-இல் சுவீடன் மன்னர் ஆஸ்கர் அமைத்த பரிசைப் பெற்றார். அவர்தம் கணித ஆராய்ச்சிகளை விரிப்பின் பெருகும். நாம் ஈண்டுக் கூறப் புகுந்தது, நீதியின்பொருட்டு அவர் இட்ட கணக்கொன்றையே.

1894-இல் பிரெஞ்சுப் படையின் காப்டனும் யூத மரபினருமான ஆல்பிரெட் டிரேபஸ், ஜெர்மானியர்க்கு இராணுவ இரகசியங்களை விற்றாரெனத் தண்டிக்கப்பட்டார். மன்றில் காட்டிய தலைமைச் சான்று, கையொப்பமில்லா முடங்கல் ஒன்று. உண்மையில் அதனை வரைந்தவர் எஸ்டர்ஹாசி என்னும் வேறோர் அதிகாரி. ஆயின், உடலுறுப்புக்களை அளந்து குற்றவாளிகளை இனங்காணும் முறை வகுத்துப் புகழெய்திய பெர்டில்லான், டிரேபஸே தம் கையெழுத்தைத் திரித்து எழுதினாரென்று சாதித்தார். பேய்த்தீவின் தனிச்சிறையில் டிரேபஸ் நான்காண்டுக்கு மேல் வாடினார்.

1899-இல் ரென் நகரில் மறுவிசாரணை நிகழ்ந்தது. முடங்கலில் மீண்டும் வரும் 13 நெடுஞ்சொற்களின் முதலும் ஈறுமாகிய 26 இடங்களுள் நான்கு பொருந்தின என்றார் பெர்டில்லான். ஒரு பொருத்தம் தற்செயலாய் நேரும் நிகழ்தகவு 0.2, அதனை நான்கு முறை பெருக்க 0.0016, ஆகவே இது தற்செயலன்று என்பது அவர் துணிபு. இதனை மறுத்துப் புவான்கரே வரைந்த கடிதத்தைக் கணிதப் புலவர் பென்லெவே மன்றில் படித்தார். பெர்டில்லான் கண்ட எண், நான்கே இடங்களை நோக்கி அந்நான்கும் பொருந்துதற்கு உரியது; 26 இடங்களுள் நான்கேனும் பொருந்தும் நிகழ்தகவோ பத்தில் ஏழுக்குக் குறையாது. நாமே எண்ணிப் பார்ப்போம்: 26-இல் ஐந்தில் ஒரு பங்கு ஐந்திற்கு மேலாகும். நான்கு என்பது சராசரிக்கும் குறைவன்றோ!

எனினும் அம்மன்றம் டிரேபஸைக் குற்றவாளியென்றே தீர்த்தது. குடியரசுத் தலைவர் மன்னிப்பளித்தார். குற்றமற்றவர்க்கு மன்னிப்பு! இஃதென்ன நீதியோ?

1904-இல் டார்பூ, அப்பெல், புவான்கரே என்னும் மூவரும் தலைமை நீதிமன்றத்தின்பொருட்டு இச்சான்றை மீண்டும் ஆராய்ந்தனர். பெர்டில்லான் அளந்தது மூல முடங்கலையன்று, பிழைபடப் புதுக்கிய படியையே என்று கண்டனர். பொருந்தியவற்றை மட்டும் பொறுக்கி எண்ணுவார்க்கு எவர் எழுத்திலும் அற்புதம் தோன்றும். மேலும், பொருத்தம் எத்துணை அரிது என்பது ஒன்று. அவ்வாறு பொருந்தியவர் குற்றவாளியாதல் எத்துணை உறுதி என்பது மற்றொன்று. பிற சான்றுகளை நோக்காது முன்னதிலிருந்து பின்னதைப் பெறுதல் இயலாது. மரபணுச் சான்றைக் கணினி நிரல்கள் எடையிடும் இந்நாளிலும் வழக்கறிஞர் மயங்குமிடம் இதுவே.

1906 ஜூலை 12-இல் தண்டனை நீக்கப்பெற்று, டிரேபஸ் மீண்டும் படையிற் சேர்ந்தார். புவான்கரே 1912 ஜூலை 17-இல் தம் 58-ஆம் வயதில் பாரிஸ் நகரில் காலமானார். டிரேபஸ் அவருக்குப் பின்னும் 23 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்.