கடையில் படித்த காமராசர்



போன வருஷம் எங்க அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போச்சு. அம்மா பயராபீஸ் வேலைக்குப் போகணும். தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்லை. என் படிப்பை நிறுத்திறலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்போது வந்திருந்த தாத்தா ஒருவர், காமராசர் ஆறாவதுதானே படிச்சார், முதலமைச்சர் ஆகலையா என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

காமராசர் 1903 ஜூலை 15-ல் நம்ம விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி. அம்மா சிவகாமி அம்மாள். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். ஊர் மக்கள் வீட்டுக்கு வீடு பிடியரிசி கொடுத்து நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தார். ஆறாவதோடு படிப்பு நின்றது. தாய்மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

கடைக்கு நாலு வகை ஆட்கள் வருவாங்க. அவங்க பேச்சைக் கேட்டார். செய்தித்தாள் படித்தார். கூட்டங்களுக்குப் போனார். அரசியல் வேண்டாம் என்று வீட்டில் அவரைத் திருவனந்தபுரத்தில் ஒரு மரக்கடைக்கு அனுப்பினாங்க. அங்கே போய் வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார்! 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக ஜெயிலுக்குப் போனார். மொத்தம் சுமார் 9 வருஷம் ஜெயில். அங்கேயும் புத்தகம் படித்தார். ஆங்கிலம் கற்றுக்கொண்டார்.

1954-ல் முதலமைச்சர் ஆனார். 1957-லும் 1962-லும் நம்ம பக்கத்துச் சாத்தூர் தொகுதியில்தான் ஜெயித்தார். மூடிக்கிடந்த பள்ளிகளைத் திறந்தார். ஊர் ஊராகப் புதுப் பள்ளிகள் வந்தன. பசியோடு வரும் பிள்ளைகளுக்கு 1956-ல் மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி இறுதி வகுப்பு வரை இலவசக் கல்வி கொடுத்தார். 1963-ல் தானாகவே பதவியை விட்டார். 1975 அக்டோபர் 2-ல் இறக்கும் வரை சென்னையில் வாடகை வீட்டில்தான் இருந்தார். 1976-ல் பாரத ரத்னா விருது கொடுத்தாங்க. அவர் பிறந்த நாளைத்தான் கல்வி வளர்ச்சி நாளாக நாம் கொண்டாடுகிறோம்.

இதில் எனக்கு ஒன்று புரிந்தது. வேலையும் ஜெயிலும் அவருக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது உண்மைதான். ஆனால் படிப்பு இல்லாமலே பிழைக்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. தனக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைக்கணும் என்றுதான் நினைத்தார். பள்ளிக்கூடம் தேவையில்லை என்றால் அவர் எதற்கு இத்தனை பள்ளிகளைத் திறக்கணும்?

இதை நான் அம்மாகிட்டச் சொன்னேன். வேலை முடிஞ்சு வந்து, கையில் ஒட்டியிருந்த வெள்ளிப் பொடியைக் கழுவிக்கிட்டே கேட்டாங்க. ஒண்ணும் சொல்லலை. மறுநாள் காலையில் தம்பியைப் பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட விட்டுட்டு, என் புத்தகப் பையை எடுத்துக் கையில் கொடுத்தாங்க.

அந்தத் தாத்தா அடுத்த தடவை வரும்போது என்கிட்டப் பதில் இருக்கு. உங்க வீட்டிலும் யாராவது அப்படிக் கேட்டால் நீங்களும் சொல்லுங்கள்.



9-ம் வகுப்பு மாணவி