ஈந்து வாழ்ந்த சிறுப்பிட்டிப் பெருமகன்

பிறர் குறையைத் தம் குறையாகக் காணும் இயல்பு சிலர்க்குப் பிறவியிலேயே வாய்க்கின்றது. அத்தகையோர் கேளாமுன் கொடுப்பர், மனிதரைத் திரட்டுவர், தளர்ந்தோரை ஊக்குவர். ஆயினும் அக்குணத்திற்கும் ஒரு நிழல் உண்டு. எல்லாச் சுமையையும் தாமே தாங்க முற்படுதலும், தம்மைப்போற் பிறரும் ஈயாதவிடத்து மனம் புண்படுதலும், பிறர்க்குரிய பணியையும் தாமே முடித்துக்கொடுக்க விழைதலும் அந்நிழலின் கூறுகளாம். இவற்றை ஒருங்கே அறிய நாம் நெடுந்தூரஞ் செல்லவேண்டியதில்லை. புத்தூரை அடுத்த சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் வாழ்வே போதிய சான்றாகும்.

வைரவநாதபிள்ளையின் மைந்தராகிய இவர் சுன்னாகம் முத்துக்குமாரகவிராயரிடந் தமிழ் கற்றார். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார். கோப்பாயில் ஆசிரியராக அமர்ந்தார். பின்னர்ப் பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை சென்று, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையின் ஆசிரியரானார். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் இவர் ஒருவர்; மற்றவர் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவரே என்பது நமக்குப் பெருமை தருவதாம். அரசாங்கக் கணக்குத் துறையில் உயர்பதவி வகித்து 1882இல் ஓய்வு பெற்றார். பின் கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார்.

இத்தகைய பதவியும் பொருளும் பெற்றவர் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் பழந்தமிழ் ஏடுகள் செல்லுக்கும் கறையானுக்கும் இரையாவதை அவர் கண்டார். ஒரு வீட்டுப் பரணிற் கிடக்கும் ஏடு அவ்வீட்டாருக்கும் பயனின்றி அழியும். அச்சேறிய நூலோ ஊரெங்கும் உலாவும். இதனை உணர்ந்து, ஓய்வு நேரத்தையும் உறக்கத்தையுங் கைப்பொருளையும் அப்பணிக்கே ஈந்தார். 1868இல் ஆறுமுகநாவலர் பரிசோதித்துக்கொடுத்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை வெளியிட்டார். நாவலர் 1879இல் மறைந்தபின் பொறுப்பு முழுதுந் தம் தோள்மேல் ஏற்றார். வீரசோழியம் 1881இலும், இறையனார் களவியலுந் தணிகைப்புராணமும் 1883இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும், சூளாமணி 1889இலும் அவர் முயற்சியால் வெளிவந்தன. பிறந்த நாட்டையும் அவர் மறந்தாரல்லர். ஏழாலையிலே தம் பொருள்கொண்டு ஒரு சைவ வித்தியாசாலையை நிறுவினார். சுன்னாகம் குமாரசுவாமிப்புலவர் அங்கே ஆசிரியராயிருந்து பலரை உருவாக்கினார்.

இனி, நிழலையுங் காண்போம். ஏடுகள் அழியுமுன் அச்சேற வேண்டுமென்னும் விரைவில் சில பிழைகள் நேர்ந்தன. பொருளதிகாரத்தின் இறுதி இயல்கள் சிலவற்றின் உரை பேராசிரியருடையதாயிருந்தும், நூல் முழுதும் நச்சினார்க்கினியர் உரையாகவே வெளிவந்தது. பின்வந்த அறிஞரே அதனைத் தெளிவுபடுத்தினர். தமிழ்மக்கள் போதிய ஆதரவு தராமையால் அவர்க்கு நேர்ந்த மனவருத்தம் பதிப்புரைகளிலே வெளிப்படையாகத் தோன்றுகின்றது. தாம் எரிவதுபோலவே எல்லாரும் எரியவேண்டுமென எதிர்பார்ப்பது ஈகையாளரின் பொதுவான துன்பமன்றோ?

மூன்றாவது நிகழ்ச்சியே பெரிதும் சிந்திக்கத்தக்கது. கும்பகோணங் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் அப்போது சீவகசிந்தாமணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். வசதி குறைந்த அவ்விளைஞருக்கு அச்சுவேலை பெருஞ்சுமையாகுமென்று கருதிய பிள்ளையவர்கள், குறிப்புகளையும் ஏடுகளையுந் தம்மிடந் தந்தால் தாமே பதிப்பிப்பதாக வற்புறுத்திக் கேட்டார். ஐயர் நெடிது தயங்கி, இறுதியில் மறுத்துவிட்டார். உதவி செய்யும் ஆர்வம், மற்றொருவர் தம் வலிமையைத் தாமே அறியும் வாய்ப்பைப் பறிக்குமளவிற்குச் சென்றதை இங்கே காண்கின்றோம். 1887இல் ஐயரே சிந்தாமணியை வெளியிட்டார். அம்மறுப்பினாலன்றோ தமிழுக்கு இன்னொரு பெரும் பதிப்பாசிரியர் கிடைத்தார்! ஆனால் மறுக்கப்பட்டமை பற்றிப் பிள்ளையவர்கள் பகை பாராட்டினாரல்லர்; நட்பு நிலைத்தது. 1901ஆம் ஆண்டு சனவரி 1ஆந் தேதி சென்னையில் அவர் மறைந்தபோது ஐயர் இரங்கற்பாப் பாடினார். குணத்தின் குறையை வென்ற குணமென்று இதனையே கூறவேண்டும்.

நம் ஊரவர் நிலாவரைக் கிணற்றை நன்கறிவர். மேலே நன்னீர்; ஆழத்தில் உவர்நீர். அளவறிந்து இறைத்தால் வயல் விளையும். அளவிறந்து இறைத்தால் உவரே மேலெழும். ஈகையாளர் நெஞ்சமும் அத்தகையதே. அது கசந்துபோகாதிருக்க வேண்டுமாயின், சுற்றியிருப்போரும் சுமையிற் பங்குகொள்ளல் வேண்டும். ஈகையாளரும் பிறரைப் பங்குகொள்ள விடுதல் வேண்டும். சிறுப்பிட்டிப் பெருமகனார் தனியே சுமந்த பாரத்தை நினைக்குந்தோறும், நம் கல்லூரியின் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஆசிரியரும் தம்முள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளல் தகும்: நமக்காக உழைப்போரை நாம் தனியே விட்டிருக்கின்றோமா? அக்கேள்விக்குச் செயலால் விடையிறுப்பதே அப்பெரியார்க்கு நாஞ் செய்யும் நன்றியாகும்.