காலங்கடந்த கௌரவம்

திரைப்பட, தொலைக்காட்சிக் கலைஞர்களுக்கு ஆண்டுதோறும் விருது வழங்கும் விழாக்கள் எமது நாட்டில் நடைபெறும்போதெல்லாம் நினைவுக்கு வருபவர் ருக்மணி தேவி.

1923 இல் றம்பொடையில், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த டெய்சி ராசம்மா டானியல்ஸே பின்னர் ருக்மணி தேவியானார். சிறு வயதிலேயே நாடக மேடையேறிய அவர், 1947 ஜனவரி 21 இல் திரைக்கு வந்த முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ'வின் நாயகியானார். அப்படத்தைத் தமிழரான எஸ். எம். நாயகம் தயாரித்தார். சேலத்தில் பிறந்து இலங்கையை வாழிடமாகக் கொண்ட முஸ்லிம் பாடகர் முகைதீன் பேக்குடனும் அவர் இணைந்து பாடினார். சிங்களத் திரையின் அத்திவாரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் இட்ட கற்கள் இவை.

எனினும் பிற்காலத்தில் அவருக்குப் பட வாய்ப்புகள் அருகின. மேடை இசை நிகழ்ச்சிகளே அவருக்குக் களமாயின. 1978 ஒக்டோபர் 28 இல், மாத்தறையில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அண்மையிலுள்ள துடெல்லவில் வாகன விபத்தில் உயிர்நீத்தார். மறைவுக்குப் பின்னரே அவருக்கு 'ரண திசர' விருது அறிவிக்கப்பட்டது. பெற்றுக்கொள்ளத்தான் அவர் இருக்கவில்லை.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான எமது கரையோர ஊர்களிலும் நாடகத்துக்கும் இசைக்கும் வாழ்வை ஈந்த மூத்தோர் உளர். அவர்களுக்கான பொன்னாடை இரங்கற் கூட்டம் வரை காத்திருத்தலாகாது. கண்ணுள்ளபோதே அவர்கள் அதனைக் காணட்டும்.